அஞ்சுக்கு மூணு

என்னைப் பற்றி எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் வருவது ஒரே கேள்விதான்: "யாரு, அரை மார்க் டீச்சரா?" பத்துக்குப் பத்து நான் யாருக்கும் போட்டதில்லை. ஒன்பதரையோடு என் கை நின்றுவிடும். அந்த அரை மார்க்கை எதற்குக் குறைத்தீர்கள் என்று பெற்றோர் வந்து சண்டை போட்டிருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் படிக்கட்டும் என்றுதான், என்று சொல்லி அனுப்பிவிடுவேன். பதினொரு வருஷமாக இதே பதில். இந்தப் புத்தி ஒருநாள் என் தலையிலேயே மண்ணை வாரிப் போடும் என்று யாராவது சொல்லியிருந்தால், வேறு வேலை இருந்தால் பாருங்கள் என்றிருப்பேன்.

என் கணவரும் இங்கேதான் இங்கிலீஷ் எடுக்கிறார். அவருக்குச் சின்ன வகுப்புகள். எனக்கு எட்டிலிருந்து பத்து வரை. அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'கதை சார்'. பாடத்தை ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷம் அது எப்படியோ கதையாகிவிடும். கதைக்குள் ஒரு கரடியோ கழுதையோ வந்து சேர்ந்துவிடும். பிள்ளைகள் அவர் என்றால் உயிரை விடுவார்கள். இலக்கணம் மட்டும் அவருக்கு எட்டாத தூரத்தில் நிற்கும். அவருடைய கேள்வித்தாளும் நான்தான் தயாரிக்கிறேன், விடைத்தாளும் நான்தான் திருத்துகிறேன். குறையாகச் சொல்லவில்லை. கட்டிக்கொண்டாயிற்று, அதையும் சேர்த்துத்தானே செய்ய வேண்டும்.

குடியிருப்பதும் பள்ளிக்கூடத்துக்குள்ளேயேதான். ஸ்டோர் ரூமுக்கு மேலே இரண்டு அறை, ஒரு சமையலறை. சமையலறை ஜன்னலுக்கு வெளியே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், பள்ளிக்கூட மணி. அது அடித்தால் டம்ளரில் தண்ணீர் ஆடும். விடுமுறை நாளில்கூட, அடிக்காத மணிக்குப் பயந்து ஏழே முக்காலுக்கு எனக்கு விழிப்பு வந்துவிடும். மைதானத்துக்கு அந்தப் பக்கம் தாளாளர் வீடு. எங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள், யார் கையில் என்ன பை, எல்லாம் அவர் வராந்தாவில் உட்கார்ந்தபடியே தெரியும். இரவு எட்டு மணிக்கு வெளிக்கேட்டைப் பூட்டிவிடுவார்கள். கல்யாணமான புதிதில் இதையெல்லாம் பாதுகாப்பு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டோம். அசடுகள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் குடுமி வேறு விதத்தில் அவர் கையில் இருந்தது. வேலையில் சேர்ந்த அன்றே ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார். "இங்க பத்திரமா இருக்கும்மா. வீட்டுல வச்சா கரையான் அரிச்சிடும்" என்றார். அவர் அறையில் ஒரு பச்சை பீரோ இருக்கிறது. முப்பது வாத்தியார்களின் பட்டங்கள் அதற்குள் ஆளுக்கொரு பைலாக அடுக்கியிருக்கின்றன. சாவி அவர் சட்டைப் பையில். கேட்டால் மாட்டேன் என்று சொல்லவே மாட்டார். "தரேன்மா, எங்க போயிடப் போகுது?" என்பார். கோபப்படக்கூட இடம் கொடுக்காத மனுஷன்.

அந்த வேலையை முதலில் பார்த்தது என் கணவர்தான். வெளிநாட்டில் ஒரு பள்ளி, இரண்டு வருஷ வேலை. இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் வேண்டும், தங்குவதற்கு ஒரு வீடும் தருவோம் என்று போட்டிருந்தார்கள். வீட்டின் படமும் இருந்தது. நான் அதில் சமையலறையை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். மணி இல்லை. எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து திருட்டுத்தனம் ஆரம்பித்தது. குளிர் தாங்கும் கோட்டு ஒன்று வாங்கி, அதைத் தேர்வுத்தாள் கட்டுக்குள் வைத்துச் சுற்றி, வாட்ச்மேன் கண்ணெதிரே மாடிக்குக் கொண்டுவந்தோம். "என்ன டீச்சர், இவ்ளோ பேப்பரா?" என்று அவர் பரிதாபப்பட்டார். சூட்கேஸ் கட்டிலுக்கு அடியில். விஷயம் தெரிந்த ஒரே வெளி ஆள் என் நாத்தனார். தெரிந்த மறுநாளே போன் பண்ணி, "அண்ணி, பிரிட்ஜ் எனக்குத்தானே? வேற யாருக்கும் சொல்லிடாதீங்க" என்றாள். ஊருக்குப் போகிறவர்களை அழுதுகொண்டு வழியனுப்புவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவள் அளவெடுத்துக்கொண்டு நின்றாள்.

இன்டர்வியூ கம்ப்யூட்டரில்தான் நடந்தது. சத்தம் வெளியே போகாமல் இருக்க ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, ஆளுக்கு அரை மணி நேரம். என்னுடையது ஜோராக நடந்தது. கேள்வி கேட்ட அம்மா இரண்டு முறை சிரித்தாள். என் கணவருடையதில் மூன்றாவது கேள்விக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. பக்கத்து அறையில் நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கரடிக் கதை ஒன்றைச் சொல்லி எப்படியோ கரையேறினார். வெளியே வந்தபோது சட்டை நனைந்திருந்தது.

"கவுத்துட்டேனா?" என்றார்.

"கரடி காப்பாத்திருக்கும், வாங்க" என்றேன். உள்ளுக்குள் எனக்கே நம்பிக்கை இல்லை.

சர்டிபிகேட்டை, வேலை உறுதியான பிறகு எதையாவது சொல்லி வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தோம். அதற்கு முன் பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. இப்போது வேலை பார்க்கும் இடத்தில் எங்களைப் பற்றி விசாரிப்பார்கள். விண்ணப்பத்தில் நாங்கள் பள்ளிக்கூட ஆபீஸின் மின்னஞ்சலைத்தான் கொடுத்திருந்தோம். எங்கள் சாமர்த்தியமே அதில்தான் இருந்தது. தாளாளர் இங்கிலீஷ் மீடியம் நடத்துகிறாரே தவிர, அவருடைய இங்கிலீஷ் கையெழுத்தோடு முடிந்துவிடும். ஆபீஸுக்கு வருகிற கடிதத்தை எல்லாம் ஓய்வு பீரியடில் போய்ப் படித்து, அவர் பெயரில் பதில் எழுதுவது நான்தான். வாழ்த்து மடல், இரங்கல் மடல், ஆண்டு விழாப் பேச்சு, அவர் பெயரில் நான் எழுதாதது எது? என்னைப் பற்றி என்னிடமே கேட்கப்போகிறார்கள். காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும் என்று நினைத்தோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நான்காம் பீரியடில் அது வந்தது. ஆளுக்கு ஒரு படிவம். ஒவ்வொன்றிலும் பத்துக் கேள்விகள். ஒன்றிலிருந்து அஞ்சு வரை மார்க் போட வேண்டும். பாட அறிவு, வகுப்பை நடத்தும் விதம், நேரம் தவறாமை, இப்படி. பத்தாவது கேள்வி: இவர் விலகினால் உங்கள் பள்ளிக்கு எந்த அளவு இழப்பு?

என் கணவருடையதை முதலில் எடுத்தேன். பாட அறிவு என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு அஞ்சு போட்டேன். பிறகு எல்லாவற்றுக்கும் அஞ்சு. இன்டர்வியூவில் தடுமாறிய மனுஷனை வேறு எப்படித் தூக்கிவிடுவது? என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் முழு மார்க் அதுதான்.

அடுத்து என்னுடையது. சத்தியமாகச் சொல்கிறேன், அஞ்சு போடத்தான் போனேன். கை கூசியது. தன்னைப் பற்றித் தானே அஞ்சு போட்டுக்கொள்கிறவளை நான் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியும். அதுவும் போக, இரண்டு பேருக்குமே முழு மார்க் என்றால் அவர்களுக்குச் சந்தேகம் வராதா? எனக்கென்ன, என் இன்டர்வியூதான் பிரமாதமாயிற்றே. மூணு போட்டேன். என் கணக்கில் மூணு என்றால் நல்ல மார்க். நேரம் தவறாமைக்கு மட்டும் நாலு. அதற்கும் அஞ்சு போடவில்லை. தலைமாட்டிலேயே மணி அடிக்கிறது, நேரத்துக்கு வருவதில் என் பெருமை என்ன? பத்தாவது கேள்விக்கும் மூணு. கீழே தாளாளர் பெயரை டைப் அடித்து அனுப்பிவிட்டு, எட்டாம் வகுப்புக்கு ஓடினேன்.

"எனக்கு எப்படிப் போட்டே?" என்று அன்று சாயங்காலம் என் கணவர் கேட்டார்.

"நல்லாத்தான்."

"பாஸா?"

"போங்க அந்தப் பக்கம்" என்றேன். உனக்கு எவ்வளவு போட்டுக்கொண்டாய் என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு பதினொரு வேலை நாள், பதில் வந்தால் யார் கண்ணிலும் படக்கூடாது என்று ஓய்வு பீரியட் எல்லாம் ஆபீஸிலேயே பழியாய்க் கிடந்தேன். பன்னிரண்டாம் நாள் எனக்குத் தேர்வு மேற்பார்வை போட்டுவிட்டார்கள். அந்த வாரம்தான் தாளாளர் புது பிரிண்டர் வாங்கியிருந்தார். புது பொம்மை கிடைத்த குழந்தை மாதிரி, வருகிற கடிதத்தை எல்லாம் அச்சடித்து மேஜையில் வைக்கச் சொல்லியிருக்கிறார். கிளார்க் அக்காவும் அச்சடித்து வைத்துவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

தேர்வு முடிந்து வெளியே வந்தேன். தாளாளர் கூப்பிடுவதாக ஆள் வந்தது.

"உக்காருங்கம்மா" என்றார். மேஜையில் ஒரே ஒரு தாள். "ஏதோ வெளிநாட்டுக் கடிதாசி. வழக்கம்போல படிச்சு அர்த்தம் சொல்லுங்க."

மேலே அந்த வெளிநாட்டுப் பள்ளியின் பெயர் இருந்தது. இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "புத்தகக் கம்பெனி விளம்பரம் சார். புது பாடப்புத்தகம் போட்டிருக்காங்களாம்..." என்று ஆரம்பித்தேன்.

அவர் குறுக்கே பேசவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உங்க பேரையும் சார் பேரையும் எனக்குப் படிக்கத் தெரியும்மா. மாசா மாசம் சம்பளப் பட்டியல், லீவு லெட்டர்னு பாத்துட்டுத்தானே இருக்கேன்" என்றார். "நிதானமா, உள்ளபடி படிங்க."

உள்ளபடி படித்தேன். தங்கள் வெளிப்படையான மதிப்பீட்டுக்கு நன்றி என்று இருந்தது. ஆசிரியருக்குப் பணி வழங்குவதில் மகிழ்ச்சி, அவரை விடுவித்து உதவ வேண்டும் என்று இருந்தது. அந்த வரியில் என் குரல் துள்ளியது. அடுத்த வரிக்குப் போனேன். அவருடைய மனைவியைப் பற்றித் தாங்கள் எழுதிய சுமாரான கருத்தைக் கவனத்தில் கொண்டு, இரண்டாவது இடத்துக்கு வேறொருவரை எடுத்திருக்கிறோம். மனைவி விரும்பினால் குடும்பமாக வந்து உடன் தங்கலாம். வேலை பார்க்க அனுமதி கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் தேவை. என் சாவுச் செய்தியை நானே ஒருவருக்கு மொழிபெயர்த்துச் சொல்வது மாதிரி இருந்தது.

"நான் எப்பம்மா எழுதினேன்?" என்றார்.

"நீங்க எழுதல சார். நான்தான் உங்க பேர்ல எழுதினேன்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். பதினொரு வருஷத்துக் கோபம் தொண்டை வரை இருந்தது. அவரோ முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார்: "சாருக்கு எவ்வளவு போட்டீங்க?"

"அஞ்சுக்கு அஞ்சு."

"உங்களுக்கு?"

"மூணு."

சிரித்துவிட்டார். "பசங்க சரியாத்தான் பேர் வச்சிருக்காங்க." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "என்கிட்ட கேட்டிருந்தா, சாருக்கு ஏதோ போட்டிருப்பேன். உங்களுக்கு எல்லாத்துக்கும் அஞ்சு போட்டிருப்பேன்மா. இந்த ஸ்கூல்ல பாதி நீங்கதான். அது எனக்குத் தெரியாதா?"

"போட்டுட்டு, விட்டிருப்பீங்களா சார்?"

"அது வேற விஷயம்" என்றார்.

எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தார். என் கணவருடைய பைலை எடுத்து என் கையில் கொடுத்தார். "சார் நல்ல மனுஷன். நான் குறுக்க நிக்க மாட்டேன். போகணும்னா போகட்டும்." அதன் அடியில் என் பைல் இருந்தது. நீல நாடாவின் முடிச்சு, பதினொரு வருஷத்துக்கு முன் நான் போட்டது, அப்படியே இருந்தது. கையை நீட்டினால் எடுத்திருக்கலாம். நீட்டவில்லை. பூட்டிவிட்டார்.

சாப்பாட்டு மணி அடித்தது. படியேறி வீட்டுக்குப் போனேன். என் கணவர் ஜன்னலைச் சாத்திவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. "தோள்பட்டை கொஞ்சம் பெருசோ?" என்று திரும்பியவர், என் கையில் பைலைப் பார்த்தார்.

"ஏய், என் சர்டிபிகேட்! எப்படி வாங்கினே? கெட்டிக்காரிடி நீ! உன்னோடது?"

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். கோட்டைக் கழற்றாமலேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் பைலின் நாடாவைத் திருகிக்கொண்டிருந்தார்.

"எனக்கு எல்லாத்துக்கும் அஞ்சா?"

"ஆமா."

"நிஜமா நான் எவ்வளவு?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லேன். நீ மார்க்ல பொய் சொல்ல மாட்டே."

எனக்கும் வெறி வந்துவிட்டது. "ரெண்டரை" என்றேன். சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். "கதை சொல்றதுக்கு மட்டும் அஞ்சு. அவங்க அதைக் கேக்கல" என்று ஒட்டுப் போட்டேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். "அப்ப நீ எவ்வளவு?"

"நாலரை."

"அதையே போட்டிருக்கலாம்ல?"

அவர் அதட்டவில்லை, குத்திக் காட்டவில்லை. பிள்ளைகளிடம் கேட்கிற மாதிரி, பதில் தெரியாமல்தான் கேட்டார். நான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, கையில் ஒரு தட்டு கிடைத்திருந்தால் உடைத்திருப்பேன்.

"சரி விடு" என்று எழுந்து வந்தார். "குடும்பமாத்தானே கூப்பிடறாங்க? ரெண்டு பேரும் போவோம். நீ ரெண்டு வருஷம் வீட்டுல ரெஸ்ட் எடு."

"இங்க மணிக்குப் பக்கத்துல அடைச்சு வச்சிருக்காங்க. அங்க மரத்துக்குப் பக்கத்துலயா? பகலெல்லாம் ஜன்னல்ல நின்னுட்டு, சாயந்திரம் நீங்க கொண்டு வர்ற பேப்பரை உங்க பேர்ல திருத்தணும், அதானே?"

அவர் குனிந்து கோட்டின் பொத்தானைத் தடவினார். அதைத்தான் நினைத்திருந்தார் என்று தெரிந்தது.

"நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றேன்.

"நானா? தனியாவா?" கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "எனக்குக் கேள்வித்தாள் யாரு போடுவா? வேணாம்மா. வரலன்னு எழுதிடலாம். நீ இல்லாம எனக்கு எதுக்கு அந்த ஊரு?"

கேட்கிறவர்களுக்கு இது பாசம். பாசமும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கோட்டைக் கழற்றிய அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. வீட்டுப்பாடம் வேண்டாம் என்று சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முகத்தில் வருமே, அதே நிம்மதி. என் மேல் இருந்த ஆத்திரத்தில் பாதி அப்போது அவர் மேல் போயிற்று.

"எழுதுங்க" என்றேன்.

"நீயே எழுதிக் குடுத்துடேன். நான் எழுதினா தப்பு வந்துடும்."

ஆறாம் பீரியட் எனக்கு ஓய்வு. ஆபீஸில் போய் உட்கார்ந்து, என் கணவர் பெயரில் எழுதினேன். தங்கள் அன்பான அழைப்புக்கு நன்றி. குடும்பச் சூழ்நிலை காரணமாக ஏற்க இயலவில்லை. ஒரு தப்பு இல்லை. அனுப்புவதற்கு முன் நாலு தடவை படித்தேன், வேறு ஏதாவது எழுத முடியுமா என்று. அனுப்பினேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. தாளாளர்.

"போகலையாமா?"

"இல்ல சார்."

"எனக்குத் தெரியும்" என்றார். சந்தோஷமாகக்கூடச் சொல்லவில்லை, மழை வரும் என்று தெரிந்து குடை எடுத்து வந்தவர் மாதிரி சொன்னார். "அப்ப சார் பைலையும் நாளைக்குக் கொண்டு வந்து குடுத்துடுங்கம்மா. வீட்டுல வச்சா கரையான் அரிச்சிடும்."

நான் எழுந்திருக்கப் போனேன். "இருங்க. அந்த மார்க் போடற ஃபாரம் இருக்குல்ல, உங்க பேர் போட்டது. எழுதாத காப்பி ஒண்ணு அடிச்சுக் குடுங்க" என்றார். புது பிரிண்டர் கடகடவென்று துப்பியது. ஒவ்வொரு கேள்விக்கும் என்ன அர்த்தம் என்று என்னைச் சொல்லச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நேரே அழுத்தி அஞ்சு போட்டுக்கொண்டே வந்தார். அவசரப்படவில்லை. பத்தாவது கேள்வியை நான் சொன்னதும் கொஞ்சம் யோசித்தார். "இதுக்கு அஞ்சுக்கு மேல இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அஞ்சு போட்டு, கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதினார்.

"இப்ப திருப்தியா?" என்றார். "உங்களுக்குச் சேர வேண்டியதை நான் குறைக்க மாட்டேன்மா."

அம்பதுக்கு அம்பது. என்னைப் பற்றி யாரும் அப்படி எழுதியதில்லை. ஒரு நிமிஷம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தத் தாளை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன்.

அவர் அதை நாலாக மடித்து, தன் அறைக்குப் போய், பச்சை பீரோவைத் திறந்து, என் பைலின் நீல நாடாவுக்கு உள்ளே செருகினார். பீரோவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏழாம் பீரியட் மணி அடித்தது. எனக்கு எட்டாம் வகுப்பு.